நிக்க வைக்கிற தண்ணி

சோப்புத்தூள் ஆலையில் அவரை எல்லோரும் 'நெகட்டிவ்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டோர்கீப்பர் வேலை. யார் என்ன கேட்டு வந்தாலும் முதலில் "இல்லை" என்பார், அப்புறம்தான் அலமாரியைத் திறந்து பார்ப்பார். பெயர் அதனால் வந்தது என்பார்கள் சிலர். சட்டைப் பையில் எந்நேரமும் பிலிம் துண்டு ஒன்றை வைத்திருந்து, டீ இடைவேளையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாரே, அதனால்தான் என்பார்கள் மற்றவர்கள். "நெகட்டிவ் வந்தாச்சுப்பா. இனி வெள்ளையைக் கறுப்புன்னு சொல்லுவாரு, நாமளும் ஆமாம்னு தலையாட்டணும்" என்பான் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அவர் சிரிப்பதில்லை. கோபப்பட்டதும் இல்லை. படம் எடுக்கிறவன் என்று நாலு பேர் தன்னை அடையாளம் சொல்ல அந்தப் பெயராவது இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஆலை அவருடைய மூக்கைத் தின்றிருந்தது. இருபத்து நான்கு வருஷத் தூள். அடுப்பில் பால் தீய்ந்தாலும் புகையைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். இதை இப்போதே சொல்லிவைக்க ஒரு காரணம் இருக்கிறது.

வீடு மாடியில். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த ஒற்றை ஜன்னலோடு ஒரு குளியலறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அந்த ஜன்னலில் தகரத்தைச் சொருகி, இடுக்குகளில் கறுப்புத்துணியை அடைத்து, கதவுக்கடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்துவிட்டால் குளியலறை இருட்டறையாகிவிடும். தொட்டியின் மேல் பலகை, பலகையின் மேல் படம் பெரிதாக்கும் கருவி, துணிக்கொடியில் கிளிப்புகள். ஐந்து மணி வரை யாரும் கதவைத் தட்டக்கூடாது. இரண்டு தெரு தள்ளியிருந்த அவருடைய தங்கை, "ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்கு வர்றவங்க வயித்தை அவங்கவங்க வீட்டுலயே வச்சுட்டு வரணும்" என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டுதான் வருவாள்.

அவர் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் குளியலறையில் பாதி வேலை அவளுடையது. மருந்துப் பொட்டலங்களை அட்டையின் நிறத்தை வைத்துப் பிரித்து, வெந்நீரில் கலக்கி, ஆறவைத்து, மூன்று பழுப்புநிறக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, ஜன்னலுக்குக் கீழே உள்ள பலகையில் இடமிருந்து வலமாக வரிசையாக வைப்பாள். அவர் இருட்டில் பிலிமைச் சுருளில் ஏற்றி வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் போட்டு மூடுவார். பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே கையை நீட்டினால், முதல் பாட்டில் கையில் இருக்கும். அதற்கு எட்டு நிமிடம். இரண்டாவதற்கு அரை நிமிடம். மூன்றாவதற்கு ஐந்து. பாட்டிலை அவர் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போது தட்டைத் தவிர மற்றதைப் பார்க்காத மாதிரிதான்.

"அதுல என்னதான் அண்ணி இருக்கு?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

"மொதல்ல இருக்கிறது வரவைக்கிற தண்ணி. பிலிம்ல ஒளிஞ்சிருக்கிறதை வெளிய வரவைக்கும். அடுத்தது நிறுத்துற தண்ணி. வந்தது போதும்னு நிறுத்தும். கடைசி, நிக்க வைக்கிற தண்ணி. வந்தது ஓடிப்போகாம அப்படியே நிக்கும்."

"அந்தக் கடைசித் தண்ணியில ஒரு தம்ளர் எங்க அண்ணனுக்குக் குடு. ஒரு எடத்துல நிக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து, "சத்தம்" என்றார் அவர்.

அவருக்கும் அவளுக்கும் நடந்த முதல் பேச்சுகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஐந்தாவது நாள். புதுமாப்பிள்ளை, தோளில் பழைய காமிரா. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் தலைவாரி, நேராக உட்கார்ந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அவர் காமிராவைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இறக்கினார்.

"என்னங்க?"

"உன் மொகத்துல வெளிச்சம் நிக்கலை."

அவ்வளவுதான். அவள் எழுந்து நாற்காலியை எடுத்துப் போட்டாள். பிறகு அந்த வாக்கியம் வீட்டில் ஒரு பழக்கமாயிற்று. விருந்தாளிகள் "வீட்டம்மா படம் ஒண்ணுகூட மாட்டலையே" என்று கேட்டால் அவர் அதையே சொல்வார், சிரித்துக்கொண்டு; விருந்தாளிகளும் சிரிப்பார்கள்; அவளும் சேர்ந்து சிரிப்பாள், டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு. குழந்தை இல்லாததற்கும் அவரிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு இருந்தது. தான் சேர்ந்திருந்த புகைப்படக்கழகத்து நண்பர்களிடம், "நெகட்டிவ்ல கோளாறு இல்லை. பேப்பர்தான் சரியில்லை" என்பார். அதைச் சொன்னபோதும் அவள் அடுப்படியில்தான் இருந்தாள். அடுப்படிக்குக் கதவு கிடையாது.

அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. யாராவது அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லியிருந்தால் நிஜமாகவே திகைத்துப்போயிருப்பார். சுவரில் ஈரம் படர்வதையும், மழைத்தண்ணீர் குழாய் வளைவில் வழிவதையும், வாசல்படியில் நாய் தூங்குவதையும் மணிக்கணக்கில் காத்திருந்து எடுக்கிற பொறுமைசாலி.

படக்கழகம் நூலகத்துக்கு மேல்மாடியில் கூடும். வருஷம் ஒரு கண்காட்சி. ஒரு வருஷம் அவருடைய படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. துணி பிழிகிற இரண்டு கைகள்; முறுக்கிய துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்; விரல் கணுக்களில் வெடிப்பு. தோளுக்கு மேலே ஒன்றும் இல்லை. நெகட்டிவில் முகம் இருந்தது. பெரிதாக்கும்போது அவர் அதை வெட்டிவிட்டார். 'உழைப்பு' என்று தலைப்பு.

அந்த ஒரு தடவைதான் அவள் கண்காட்சிக்குப் போனாள். கழகச் செயலாளர், ஓய்வுபெற்ற வரைபடக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

"அடடா. இந்தக் கையை எங்க பிடிச்சீங்க?"

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவோடது" என்றார் அவர்.

ஏன் அப்படிச் சொன்னார்? மனைவியின் கை என்றால் படத்தின் மதிப்பு ஒரு பிடி குறைந்துவிடும் என்று அந்த நொடியில் தோன்றியது, சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்தவள் தன் கைகளைப் பைக்குப் பின்னால் கொண்டுபோனாள். செயலாளர் அவளிடம், "குடுத்து வச்சவங்கம்மா நீங்க, வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டது ஒன்றுதான். "வேலைக்கு வர்ற அம்மாவுக்கு நாளைக்கு லீவு உண்டாங்க?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படி இருபத்திரண்டு வருஷம்.

அவளுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. பல்வலி என்று கிராம்பை அடக்கிக்கொண்டு மூன்று மாதம் தள்ளினாள். பிறகு ஆஸ்பத்திரி, துண்டு வெட்டிப் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரி. கீழ்த்தாடையில் இடது பாதியை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை. பேச்சு எவ்வளவு திரும்பும் என்று சொல்லமுடியாது. முகம் பழையபடி இருக்காது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். சனிக்கிழமை சாயங்காலமே வந்து சேர்ந்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை அவள் வழக்கம்போல மருந்து கலக்கினாள். மூன்று பாட்டிலையும் நிரப்பிப் பலகையில் வைத்தாள். பிறகு ஜன்னலோரம் நாற்காலியைத் தானே எடுத்துப் போட்டாள்.

"என்ன இது?" என்றார் அவர்.

"ஒரே ஒரு படம் எடுங்க. இந்த மொகம் திங்கக்கிழமை வரைக்கும்தான்."

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பழைய வாக்கியம் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியும்" என்றாள் அவள். "வெளிச்சம் நிக்காது. நிக்கிற வரைக்கும் எடுங்க. எனக்குப் பாக்கணும். அப்புறம் பாக்க எனக்கு வேற எதுவும் கெடையாது."

புது பிலிமைப் போட்டார். கண்ணில் காமிராவை வைத்தார். ஜன்னல் வெளிச்சம் அவளுடைய நெற்றியில் விழுந்து, கன்னத்தில் இறங்கி, உதட்டின் ஓரத்தில் தேங்கி நின்றது. அப்படி நின்ற வெளிச்சத்தை அவர் எந்தச் சுவரிலும் கண்டதில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த ஐந்தாம் நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காமிராவில் பிலிம் இல்லை. நாற்காலி போட்டு, உட்காரவைத்து, கண்ணில் வைத்த பிறகுதான் பிலிம் சுற்றுகிற குமிழ் சுழலாததைக் கவனித்தார். புதுப்பெண்ணிடம் "பிலிம் இல்லை" என்று சொல்ல வெட்கம். வாயில் வந்ததைச் சொன்னார். நாளாக நாளாக அது பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. மறந்தாரா, மறக்க முடிவுசெய்தாரா என்று கேட்டால் அவரிடமே பதில் இருந்திருக்காது.

ரோலில் இருந்த முப்பத்தாறு படத்தையும் எடுத்தார். கடைசிச் சிலவற்றில் அவள் சிரித்தாள். "போதும், முழுசையும் என்மேலயே செலவு பண்றீங்க" என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. தங்கை சமைத்துப்போட வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் தூங்கி எழுவதற்குள் வீட்டை ஒரு வழி பண்ணினாள். குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். பலகையிலிருந்த பாட்டில்களை இறக்கி, பலகையைத் துடைத்து, திரும்ப ஏற்றி வைத்தாள். ஒரே மாதிரி மூன்று பாட்டில். எது எங்கே இருந்தால் என்ன?

ஒரு மணிக்கு அவர் உள்ளே போனார். இருட்டில் பிலிமை ஏற்றினார். டப்பாவை மூடினார். விளக்கைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி இடது ஓரத்துக்குக் கையை நீட்டினார்.

எட்டு நிமிடம். அரை நிமிடம். ஐந்து நிமிடம். மருந்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றும்போதும் கண் கடிகாரத்தில்தான். குழாயைத் திறந்து அரைமணி நேரம் கழுவினார். வேறு யாராக இருந்தாலும் முதல் பாட்டிலின் மூடியைத் திறந்ததுமே மூக்கு சொல்லியிருக்கும். அவருக்கு அந்த மூக்கு இல்லை.

டப்பாவைத் திறந்து சுருளிலிருந்து பிலிமை இழுத்தார். வெறும் பிளாஸ்டிக். இழுக்க இழுக்க வெறும் பிளாஸ்டிக். கண்ணாடித்தாள் மாதிரி, அதன் வழியாக எதிர்ச்சுவரின் வெடிப்பு தெளிவாகத் தெரிந்தது. படங்கள் மட்டுமல்ல, ஓரத்தில் கம்பெனிக்காரன் போட்டிருக்கும் எண்களும் புள்ளிகளும்கூட இல்லை. வெளிச்சம் குறைந்து படம் கெட்டால் அந்த எண்கள் இருக்கும். காமிரா பழுது என்றாலும் இருக்கும். அவையும் வராமல் போவதற்கு அந்தக் குளியலறையில் ஒரே வழிதான் உண்டு. வருவதற்கு முன்னாலேயே நிக்க வைக்கிற தண்ணியை ஊற்றிவிட்டார். நிற்க ஒன்றும் இல்லாதபோது அந்தத் தண்ணீர், பிலிமில் ஒளிந்திருந்ததையெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடும்.

அப்போதுதான் பாட்டில்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல் கட்டியிருந்தது. இடது ஓரத்தில் இருந்ததன் நூலில் மூன்று முடிச்சு. நடுவில் இருந்ததில் இரண்டு. வலது ஓரத்தில் இருந்ததில் ஒன்று. எத்தனையோ வருஷமாக அந்த நூல்கள் அங்கே இருந்திருக்க வேண்டும், நனைந்து காய்ந்து கறுத்திருந்தன. மாட்டிவைக்கக் கட்டிய நூல் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அப்படி நினைத்ததாகச் சொல்வதுகூட அதிகம்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். "பாட்டிலை யார் எடுத்தது?"

"நான்தான். ஒரே பாசி. ஏன்?"

"எதைத் தொடணும் எதைத் தொடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாதுதான். உனக்குத் தெரியுமில்ல? நாலு எழுத்துப் படிச்சவன்தானே, பேரெழுதி ஒட்டறதுக்கென்ன?" என்றாள் தங்கை. பிறகு அவர் முகத்தில் ஈயாடாததைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "படம் கெட்டுப்போச்சா?"

"கெட்டது வேற ரோலு" என்றார் அவர். "இது வேற."

மணி மூன்று. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் நான்கிலிருந்து ஆறு. அந்த முகத்துக்கு இன்னும் பதினேழு மணி நேரம் ஆயுசு இருந்தது. அலமாரியில் இன்னொரு ரோல் பிலிம் இருந்தது. வார்டில் அவளுடைய கட்டில் ஜன்னலோரக் கட்டில்; மேற்கே பார்த்த ஜன்னல்; ஐந்து மணிக்கு எப்படி வெளிச்சம் விழும் என்பதை முந்தின நாளே கவனித்திருந்தார், பழக்கத்தில். காமிராவைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனார்.

அவளிடம் என்ன சொல்வது? "கெட்டுப்போச்சு, திரும்ப உட்காரு" என்றா? பாட்டில் மாறிப்போச்சு என்றா? இருபத்திரண்டு வருஷமாக நான் பாட்டிலைப் பார்த்ததே இல்லை என்றா?

காமிராவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெறும் கையோடு போனார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரியின் போர்வையை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கேட்டாள், "வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லாவா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

அவள் சிரித்தாள். மேற்கு ஜன்னல் வெளிச்சம் அந்தச் சிரிப்பின்மேல் நேராக விழுந்தது. அவர் தலையைக் குனிந்து, கொண்டுபோயிருந்த பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார். ஆறு மணிக்கு மணியடிக்கும் வரை இருந்தார். காமிரா வீட்டில் ஆணியில் தொங்கியது.

ஒரு மாதம் கழித்து அவள் வீடு திரும்பியபோது முகத்தின் இடதுபக்கம் உள்ளே போயிருந்தது. வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. அரைத்துக் கரைத்ததை ஸ்பூனால் வலது ஓரத்தில் ஊற்றவேண்டும். பேச்சு, தொண்டையிலிருந்து வருகிற ஒரு காற்று. தாடையை மறைத்து ஒரு துணி கட்டிக்கொண்டாள். குளியலறைக் கண்ணாடியைத் தானே கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். முதல் வாரமே அவரிடம் வந்து, இரண்டு கைகளின் விரல்களாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்தாள்.

"பிரிண்ட் போடணும்" என்றார் அவர். "பேப்பர் வரணும்."

அடுத்த வாரமும் சதுரம். "பெரிய சைஸ்ல போடலாம்னு இருக்கேன். அவசரப்படாதே."

அதற்கடுத்த வாரம் தங்கை வந்திருந்தாள். மனைவி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சதுரம் வரைந்தாள். தங்கையும், "குடேன் அண்ணே, பாவம், எத்தனை நாளாக் கேக்குறாங்க" என்றாள். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் பழகின பாதையில் போகிற மாதிரி நாக்கு போயிற்று.

"முப்பத்தாறும் எடுத்தேன். நான் என்ன பண்றது? உன் மொகத்துல வெளிச்சம் நிக்கலையே."

தங்கை பழக்கத்தில் பாதி சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மனைவி அவரையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், சரி என்பதுபோல. ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் 'ரொம்ப நல்லா வந்திருக்கு' என்று தான் சொன்னது அவருக்கு அன்று படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவளும் மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தார்.

அந்த வெற்று பிலிமை அவர் தூக்கியெறிந்திருக்கலாம். ஏனோ எறியவில்லை. பழைய பவுடர் டப்பா ஒன்றில் சுருட்டிப் போட்டு, கருவிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். சில வாரம் கழித்து டப்பாவைத் திறந்தபோது பிலிம் உள்ளேதான் இருந்தது. ஆனால் துடைத்து, மருந்து பூசிய பக்கம் உள்ளே வருமாறு, சீராகச் சுருட்டியிருந்தது. அவர் எப்போதும் வெளிப்பக்கமாகச் சுருட்டுகிறவர். உள்பக்கமாகச் சுருட்டுகிறவள் வீட்டில் ஒருத்திதான். ஆயிரக்கணக்கான பிலிம்களைக் கிளிப் போட்டு உலர்த்தியவள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, ஓரத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியும். இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் முதலில் போயிருக்கும் என்றும் தெரியும்.

அவர் டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மருந்து கலந்து வைத்தாள். கேட்காததை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செயலாளர் உடம்பு விசாரிக்க வீட்டுக்கு வந்தார். அவள் டீ கொடுக்கும்போது துணி கொஞ்சம் நழுவியது. செயலாளர் கோப்பையை வாங்க மறந்து பார்த்தார். கிளம்பும்போது அவரைப் படியில் நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் கலையா மட்டும்தான் சொல்றேன். அந்த முகம் இருக்கே... ஜன்னல் பக்கத்துலருந்து வெளிச்சம் விழுந்து, அந்தக் குழியில நிழல் நின்னா... இந்த வருஷம் முதல் பரிசு வேற யாருக்கும் கெடையாது."

செயலாளர் கடைசிப் படியில் இறங்குவதற்குள் இவர் மனதில் கோணம்கூட முடிவாகிவிட்டது.

மேலே வந்து சொன்னார். "ஒரு ரோல் எடுக்கலாமான்னு பாக்கறேன். துணி இல்லாம." "இந்தத் தடவை வெளிச்சம் நல்லா நிக்கும்" என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். துணியை அவிழ்த்து நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம். அப்படியே. கண்ணைத் தாழ்த்து." முப்பத்தாறு தடவை காமிரா சொடுக்கியது. கடைசி வரை அவள் அசையவில்லை. அவ்வளவு நல்ல ஆளை அதுவரை எடுத்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை. செயலாளர் ஈர நெகட்டிவிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். தங்கையும் இருந்தாள். குளியலறையில் மனைவி பாட்டில்களை வைக்கிற சத்தம் கேட்டது; வெளியே வந்து கதவை அவருக்குத் திறந்துவிட்டாள்.

பிலிமை ஏற்றி, விளக்கைப் போட்டதும் இந்தத் தடவை அவர் பாட்டில்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி நூலை விரலால் நெருடினார். கறுத்த பழைய நூல்கள் இல்லை; எல்லாம் அவள் புதிதாகக் கட்டியவை. இடது ஓரம் ஒரு முடிச்சு. நடுவில் இரண்டு. வலது ஓரம் மூன்று. திருப்தியாக இருந்தது. ஒரு பாடம் கற்றுக்கொண்டவனின் நிதானத்தோடு ஒரு முடிச்சுப் பாட்டிலைத் திறந்து ஊற்றினார்.

வெளியே செயலாளர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "அந்த முகத்துல வெளிச்சம் எப்படிப் போய் ஒட்டுதுங்கறீங்க!"

முக்கால் மணி நேரம் கழித்து அவர் கதவைத் திறந்தார். கையில் பிலிம் தரைவரை தொங்கியது. அதன் வழியாக அவருடைய சட்டைப் பொத்தான்கள் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

"என்னண்ணே," என்றாள் தங்கை, "ஒண்ணுமே வரலை?"

அவர் வாயைத் திறந்தார். பழைய வாக்கியம் தயாராக வந்து நின்றது. செயலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் ஒட்டுகிறது என்று சொல்லி முடித்து வாய் மூடாத மனிதர். அடுப்படி நிலையில் அவள் சாய்ந்து நின்றிருந்தாள், துணி இல்லாமல்.

"தண்ணி மாறிப்போச்சு" என்றார் அவர்.

"என்னங்க இது? இத்தனை வருஷ அனுபவம். இப்படி ஒரு தப்பு மொதல் தடவையா?"

நிலையில் சாய்ந்திருந்தவள் வலது கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினாள்.

செயலாளருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "ரெண்டாவது தடவையா? அப்ப மொதல் தடவை என்ன படம் போச்சு?"

பிலிமிலிருந்து தண்ணீர் அவருடைய கால்விரல்களில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு விரலையும் மடக்கி, உள்ளங்கையை மெதுவாகத் தன் இடது கன்னத்துக்குக் கொண்டுபோனாள். கன்னம் இருந்த இடத்தில், எதையும் தொடாமல், கை நின்றது.

தங்கை பதறி எழுந்தாள். "வலிக்குதா அண்ணி? மாத்திரை எடுத்துட்டு வரட்டுமா?"